ஒரே நாளில் மார்கழியும் சித்திரையும்

குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு நாளைக்குள்ளேயே பத்து மார்கழியும் பத்துச் சித்திரையும் வந்து போகும். கதவுக்கு உள்ளே மார்கழி, வெளியே சித்திரை. நடுவில் தொங்குகிற பிளாஸ்டிக் திரையை விலக்குகிற நேரம்தான் எங்களுக்குத் தை, மாசி, பங்குனி எல்லாம்.

மீன் கம்பெனியில் ஐஸ் அள்ளுகிறவர்கள், ஐஸ்கிரீம் குடோனில் பெட்டி அடுக்குகிறவர்கள், ஏசிக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வருவது புரியும். பிள்ளையைக் குளிர் தேசத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே வேர்த்து வடிந்துகொண்டிருக்கிற அம்மா அப்பாக்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

எங்கள் கிடங்கு உத்தமபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பன்னீர் திராட்சை வரும். புளி வரும். வடக்கேயிருந்து லாரியில் ஆப்பிள் வரும். திராட்சை ரூமில் குளிர் ஜீரோவை ஒட்டி நிற்கும். கடைசியில் இருக்கிற பிரீசர் ரூமில் பட்டாணியும் சோளமும் இருக்கும். அங்கே மைனஸ் பதினெட்டு. பெட்டிகள் நசுங்காமல் இருக்கிறதா, பழத்தில் ஈரம் கோத்திருக்கிறதா என்று ரூம் ரூமாகப் போய்ப் பார்க்கிறது என் வேலை.

மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். மகள் வனிதா நர்சிங் படித்துவிட்டு, போன ஆவணியில் பின்லாந்துக்குப் போனாள். அங்கே வயதானவர்கள் இல்லத்தில் வேலை. கிளம்புகிற அன்றைக்குச் சொன்னாள்: "ஒரு குளிர்காலம் பாக்குறேம்மா. தாங்குச்சுன்னா இருப்பேன். தாங்கலைன்னா பங்குனியில மூட்டையக் கட்டிட்டு வந்துருவேன்." தாங்க வேண்டும் என்று வேண்டுவதா, தாங்கக் கூடாது என்று வேண்டுவதா, எனக்கே தெரியவில்லை. தெரியாமலேயே அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாமி கும்பிட்டேன்.

மடியில் ஸ்வெட்டர்

நான் கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ் ஏறுகிறவள். கம்பெனியில் ஜாக்கெட் கொடுப்பார்கள். ஆனால் அது ஆம்பளைகள் அளவுக்குத் தைத்தது. கை இரண்டும் முழங்காலுக்கு வரும். அதனால் என் சொந்த ஸ்வெட்டரையும், காதை மூடுகிற குல்லாவையும், ஒரு ஜோடிக் கம்பளிச் சாக்ஸையும் மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுபோவேன். ஒரு நாள் பையின் காது அறுந்துபோய், எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் ஸ்வெட்டரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மெதுவாக ஜன்னலோரம் ஒதுங்கி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார். "காய்ச்சலாத்தா?" என்று கேட்டார். இல்லை, வேலைக்குப் போகிறேன் என்றேன். அவருக்கு அது காய்ச்சலைவிடப் பெரிய நோயாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "யக்கா, இப்பவே சொல்லிப்புட்டேன், இது ஊட்டி போகாது. உத்தமபாளையத்தோட நின்னுரும்."

எண்ணெய் வைத்த சடை

புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பேர் முத்துலட்சுமி. முதல் நாள் வேலை என்று தலை நிறையத் தேங்காயெண்ணெய் தேய்த்து, வழித்துச் சீவி, சடை பின்னி, மல்லிகைப்பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தாள். எங்கள் கூட்டத்தில் வாய்க்காரி பேச்சியம்மாள். எனக்கு இளையவள், கூடப் பிறக்காத தங்கச்சி. குல்லாவைப் போட்டுக்கொள் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். பூ கசங்கும் என்று இந்தப் பெண் கேட்கவில்லை. திராட்சை ரூமுக்குள் போய் மும்முரமாகப் பெட்டி அடுக்கினாள்.

வெளியே வந்தபோது பார்த்தால், சடை முழுக்க எண்ணெய் உறைந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. திரும்பினால் சடை வளையவில்லை, விறகுக் கட்டை மாதிரி கூடவே திரும்புகிறது. பூ கண்ணாடிப் பூவாக நிற்கிறது. அழவா சிரிக்கவா என்று அவள் நிற்க, வெயில் பட்டு எண்ணெய் உருகி முதுகெல்லாம் வழிய ஆரம்பித்தது. பேச்சி அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உள்ள குமரியாப் போன, வெளிய கெழவியா வந்துட்ட. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் லீவு போட்டுரு ஆத்தா."

வாசலில் உட்கார்ந்த லாரிக்காரர்

ஐப்பசியில் ஆப்பிள் லாரி வந்தது. இமாச்சலத்து மலையிலிருந்து நாள்கணக்கில் ஓட்டிவந்த டிரைவருக்கு என் வயது இருக்கும். இங்கே அடைமழை. நாங்களெல்லாம் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு, 'என்னமாக் குளிருது' என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வெளிக் குழாயில் பச்சைத்தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். குளித்து முடித்தவர் நேராக வந்து ஆப்பிள் ரூம் வாசலில் உட்கார்ந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து புகை மாதிரி வருமே, அதில் முகத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில் தீபாராதனை வாங்குகிற முகம். அவர் இங்கே இல்லை, ஊருக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது.

மிஷின் பார்க்கிற தாமஸ் தம்பி மலைக்கு மேலே குமுளிக்காரர், மலையாளி. அவருக்கு இந்தி தெரியும். அவரை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன், உங்கள் ஊரில் பனி விழுகிற நாளில் என்ன செய்வீர்கள் என்று. ஒரே அறையில் அடுப்பை மூட்டிச் சுற்றி உட்காருவோம், மாடும்கூடக் கீழே கட்டியிருக்கும், அதன் சூடும் பலகை வழியாக மேலே வரும் என்றார். என் மகள் இப்படி ஒரு தேசத்தில் இருக்கிறாள், இன்னும் பனி ஆரம்பிக்கவில்லை என்றேன். என்ன உடுத்துகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டதைத் தாமஸ் தம்பி சொன்னார்: "அதெல்லாம் சரி சேச்சி, பொண்ணு கூட வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு கேக்குறார்."

யார் பின்லாந்தில் இருப்பது

வனிதா தனியாகத்தான் இருந்தாள். ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். கார்த்திகையில் அங்கே பனி கொட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் நான் திராட்சை ரூமை விட்டு வெளியே வந்து, ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் படியில் உட்கார்ந்திருந்தபோது வீடியோவில் கூப்பிட்டாள். போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். மரமெல்லாம் வெள்ளை. கூரை வெள்ளை. நிறுத்தியிருந்த கார்களெல்லாம் படுத்திருக்கிற வெள்ளாடு மாதிரி. மத்தியானம் கொஞ்சம் தாண்டியதுமே அங்கே விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தமே இல்லை. நம் ஊர் மழை வந்தால் தகரமும் தென்னையும் எப்படிப் பேசும். இது யாரையும் எழுப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டு விழுகிற மாதிரி விழுந்தது. எனக்கு ஒரு நிமிஷம் நானே அந்த ஜன்னலில் நிற்கிறதாகத் தோன்றிவிட்டது.

பிறகு போனைத் தன் பக்கம் திருப்பினாள். பார்த்தால் இங்கே வீட்டில் போடுகிற மெல்லிசு பருத்தி நைட்டி! ஏண்டி, ஒரு ஸ்வெட்டர்கூடப் போடாமல் இப்படி நிற்கிறாயே என்று கத்திவிட்டேன். அங்கே வீட்டுக்குள் சுவரெல்லாம் சூடு ஓடுமாம், வெளியே போனால்தான் குளிராம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்த பிறகு கண் ஓரம் துடைத்தது சிரிப்பினாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. "அம்மா, உன்னையப் பாரு. நீதான் பின்லாந்துல இருக்க, நான் நம்ம கம்பத்துல இருக்கேன்!" என்றாள்.

வாட்ச்மேனின் தீ

மார்கழி விடியலில் ஷிப்டுக்கு வந்தால் எங்கள் வாட்ச்மேன் ஐயா கிடங்கு வாசலிலேயே தென்னமட்டையைப் போட்டுத் தீ மூட்டி வைத்திருப்பார். மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருக்கும். வயலில் பனி மூட்டம். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கையை நீட்டிக் குளிர் காய்வோம். குமுளி மலையிலிருந்து இறங்கி வருகிற தாமஸ் தம்பிக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. 'எங்க ஊர்ல பல்லு தந்தியடிக்குது, இங்கன வந்தா சட்டைப் பொத்தானைக் கழட்டணும் போல இருக்கு, இதுக்குப் போய்த் தீயா' என்பார். ஒரு மணி நேரம் மலை ஏறினால் அது ஒரு தேசம், இறங்கினால் இது ஒரு தேசம். இதே நாங்கள் இன்னும் சற்று நேரத்தில் ஜீரோ டிகிரிக்குள் போய் 'கந்தசாமி தோட்டத்துப் பெட்டி எங்கடி' என்று சாதாரணமாகச் சத்தம் போடப் போகிறவர்கள்தானே என்றும் கேலி செய்வார்.

அதற்கு வாட்ச்மேன் ஐயா மட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்: "உள்ள இருக்கது மிஷின் குளிருப்பா, பொத்தானத் திருகுனா சொன்ன பேச்சுக் கேக்கும். இது சாமி விட்ட குளிரு, இதுக்குத் தீயப் போட்டுக் கும்பிடத்தான் முடியும்."

பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே

ஒரு நாள் போனில் பேச்சுவாக்கில் 'இன்னிக்கு மைனஸ் பதினெட்டும்மா' என்று வனிதா சொல்லிவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி இல்லத்துக்கு நடந்துதான் போக வேண்டுமாம். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. கண்ணெல்லாம் பிரீசர் ரூம் கதவுக்கு மேலே சிவப்பாக மின்னுகிற அதே எண் மேல்தான். சாயங்காலம் தாமஸ் தம்பியிடம் போய், என் மகள் நடக்கிற நேரத்துக்கு நான் உள்ளே நின்று பார்க்கிறேன், கதவைத் திற என்றேன். அவர் பதறிப்போனார். பிரீசருக்குள் தனியாக யாரும் போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். உடனே பேச்சி, 'நான் கூடப் போறேன், வா' என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள்.

நின்றோம். மூக்குக்குள் ரோமம் ஒட்டிக்கொண்டது. கண் இமைக்கும்போது இமையும் இமையும் லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டது. மூச்சு வெள்ளையாகப் போய், விளக்குக்குக் கீழே நின்று, கலைந்தது. பட்டாணி மூட்டைகள் வரிசையாகப் பனிக் குன்று மாதிரி தெரிந்தன. அதற்கு நடுவில் ஒரு பாதை இருக்கிறதாகவும், அதில் வனிதா தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறதாகவும், நான் ஒரு எட்டுப் பின்னால் போகிறதாகவும் எனக்கு இருந்தது. திரும்பிப் பார்க்காதே தாயி, நட, வழுக்கும் என்று சொன்னேன். கௌமாரி ஆத்தாளைக் கூப்பிட்டேன். வாய் திறந்து கூப்பிட்டேனா, மனசுக்குள்ளா, தெரியாது. அந்தக் குளிரில் ஒரு அமைதி இருக்கிறது. பயமாக இருக்கும், ஆனாலும் வெளியே வர மனசு வராது.

பக்கத்தில் பல்லோடு பல் அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் நினைவு வந்தது. பேச்சி இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, உம் மக சம்பளத்துக்குக் குளிருறா. நீ பாசத்துக்குக் குளிருற. நான் எந்தக் கருமத்துக்கு இங்கன நின்னு குளிருறேன்?" என்றாள்.

என்ன கேட்பது

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வீரபாண்டிக்குப் போனேன். முல்லையாற்றில் முங்கி எழுந்து ஈரப் புடவையோடு கௌமாரி சன்னதியில் நின்றேன். நாற்பது வருஷமாக நான் அவளிடம் கேட்கிறது ஒன்றுதான்: பிள்ளைகளைக் குளிர்ச்சியாக வை ஆத்தா. வெயில் தேசத்துக்காரிகள் வேறு என்ன கேட்போம்? சித்திரைத் திருவிழாவில் கோயில் முன்னால் நட்டிருக்கிற கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அதைத்தான் சொல்லி ஊற்றுவேன். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். அங்கே கிடக்கிற குளிர் போதாதா? சரி, சூடாக வை என்று சொல்லலாம் என்றால், அம்மன் சன்னதியில் நின்று அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? வீட்டில் அம்மை போட்டால்கூட 'சூடு' என்று சொல்லப் பயப்படுகிறவர்கள் நாங்கள். அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிடு என்று கேட்கலாம். அதையும் கேட்க முடியவில்லை. அங்கேயே நன்றாக வைத்துக்கொள் என்றும் கேட்க முடியவில்லை.

கேட்காமலேயே வெளியே வந்து, மண்டபத்தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ. வாசலில் பூ விற்கிற அம்மா, வாங்கின பூவை இன்னும் நான் கையிலேயே வைத்திருக்கிறதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். அவர் தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "என்னத்தக் கேக்குறதுன்னு தெரியலைன்னா பூவ மட்டும் குடுத்துட்டு வாத்தா. பிள்ளை எந்த ஊர்ல இருக்குன்னு அவளுக்குத் தெரியாதாக்கும்."

கரண்ட் போன நாள்

அந்த மாதக் கடைசியில் வனிதாவின் போன் குறைந்தது. கூப்பிட்டால், 'டூட்டிம்மா, அப்பறம் பேசுறேன்' என்பாள். குரலில் உப்பே இருக்காது. சூரியனைப் பார்த்தே நாளாச்சு என்று ஒரு நாள் சொன்னாள். இன்னொரு நாள், "நீ நொடிக்கு ஒருக்காக் கூப்பிடாதம்மா. நீ கூப்பிட்டா எனக்கு அழுகை வருது. நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். தோட்டத்துக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்தார்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் கிடங்கில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிவிட்டது. உள்ளே ரூம் நிறையத் திராட்சை. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கதவுக்கு முன்னால் நின்றார்கள். 'ஒரு தடவ தொறந்து பாத்துரலாம், பழம் எப்படி இருக்குன்னு' என்று ஒருவர் கெஞ்சினார். எனக்கும் அதுதான் தோன்றியது. கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போனது. தாமஸ் தம்பி ஓடிவந்து குறுக்கே நின்றார். மூடியிருந்தால் உள்ளே இருக்கிற குளிரே பழத்தைக் காப்பாற்றும்; திறக்கத் திறக்கத்தான் வெளி அனல் உள்ளே போகும் என்றார். எல்லோரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தோம். நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். தகடு வழியாகக் குளிர் மெல்ல மெல்லப் புடவைக்குள் இறங்கியது. உள்ளே அத்தனை திராட்சையும் இருட்டில் பேசாமல் இருக்கிறதை நினைத்துக்கொண்டேன். மடியில் போன் இருந்தது. எடுத்து வனிதா பேரைத் தொடப் போனேன். கரண்ட் வந்து மிஷின் ஓடுகிற வரைக்கும் தாமஸ் தம்பி சொன்னதையே காதில் வைத்துக்கொண்டு, போனை மடியிலேயே வைத்திருந்தேன்: "சேச்சி, பயத்துல சும்மா சும்மா திறந்து பாத்தாத்தான் உள்ள இருக்கிறது கெட்டுப் போகும்."

வெயிலுக்கு ஒரு பிள்ளை

நாங்கள் அனுப்புகிற திராட்சையை வாங்கி வெளியூர் அனுப்புகிறவர் உத்தமபாளையத்து காதர் பாய். அவர் மகன் குவைத்தில் கட்டட வேலைக்கு மேஸ்திரியாக இருக்கிறான். அங்கே வெயில் காலத்தில் மத்தியானம் இரும்புக் கம்பியைக் கையால் தொட முடியாதாம். மாசியில் ஒரு நாள் லோடு ஏறுகிற வரைக்கும் நானும் பாயும் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். 'உங்க பிள்ளைக்குத் தண்ணி ஐஸாப் போகுது, எம் பிள்ளைக்குக் குழாயத் தொறந்தா வெந்நியா வருது' என்றார். இரண்டு பேரும் இரண்டு கடைசிக்குப் போய்விட்டார்கள், நடுவில் நாம் இருக்கிறோம் என்று பேசிக்கொண்டோம்.

அப்போது போன் அடித்தது. வனிதா! தானாகக் கூப்பிட்டாள். "அம்மா, இன்னிக்கு வெயில் அடிச்சுதும்மா. பனிமேல வெயில் பட்டுக் கண்ணு கூசுச்சு. இல்லத்துல இருக்க பாட்டிகளையெல்லாம் ஜன்னல்கிட்ட உக்கார வச்சேன். எல்லாரும் கண்ண மூடிட்டு இருந்தாக, நானும் அவுக கூட உக்காந்துட்டேன். இனிமே வெளிச்சம் கூடிக்கிட்டே போகுமாம்மா." அவ்வளவுதான், டூட்டி என்று வைத்துவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்து ஒரு தரம் கையேந்திவிட்டு, ஆறிப்போன டீயை மடக்கென்று குடித்தார். "ஈஸ்வரிம்மா, நம்ம தலைக்கு மேல நின்னு மண்டையப் பொளக்கிற வெயிலு, அங்கன போய் விருந்தாளி மாதிரி வந்திருக்கு பாருங்க!" என்றார்.

பேச்சி கேட்ட கேள்வி

பங்குனியில் வனிதா வந்தாள். இரண்டு பெரிய பெட்டிகள். மதுரை ஏர்போர்ட்டிலேயே அவள் அப்பா அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது என்று என்னிடம் ஜாடை காட்டினார். கனமாக இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கணக்கு. அவளாகச் சொல்லட்டும் என்று கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. வந்த அன்றிலிருந்து ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் உருண்டாள். அயிரைமீன் குழம்பும் மொச்சைப் பொரியலுமாக நான் வடித்துக் கொட்டினேன். மெலிந்திருந்த கழுத்தெலும்பு மறைந்தது. ஒரு மத்தியானம் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். விசிறியை நிறுத்தாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியே இருந்துவிடாதா என்று இருந்தது.

வந்து கொஞ்ச நாள் கழித்து, அம்மா வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கிடங்குக்கு வந்தாள். எங்கள் பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். குளிரைப் பற்றித் தெரிந்தவர்கள் அல்லவா, கேள்வியெல்லாம் தொழில் கேள்விதான். சாக்ஸ் ஒன்றா இரண்டா? கைக்கு என்ன போடுவீர்கள்? மூக்கில் ரத்தம் வருமா? வனிதா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், ஆனால் ஒரு தாத்தா தினமும் காற்று வருகிற பக்கமாக வந்து நின்று அவளுக்கு மறைப்புக் கொடுப்பார் என்றாள். அவர் பேர்கூடத் தெரியாதாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் எனக்குப் புதிதாக இருந்தது. அந்த முகம் என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ வெள்ளையாக இருக்கிற ஒரு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சிக்கு அதெல்லாம் போதவில்லை. மைனஸ் பதினெட்டில் போடுகிற கோட்டு எப்படி இருக்கும், பெட்டியில்தானே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா, நாங்களும் போட்டுப் பார்க்கிறோம் என்று பிடித்துக்கொண்டாள். வனிதா சிரித்துக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "அத எதுக்குச் சித்தி அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு அலையணும்? அங்கன என் ரூம்ல, கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது."

வெட்டின திராட்சையை வாரக்கணக்கில் வாடாமல் வைத்திருக்கத் தெரிந்த எனக்கு, பெற்ற பிள்ளையை லீவு முடிந்து ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கத்தான் இன்னும் தெரியவில்லை.